அன்னைக்குச் செய்யும் கடன்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அறநெறி வழுவாத இல்லறச் சான்றோர் முன் சில கருத்துகளை வைக்கின்றோம்.

பெற்ற தாயை இழந்தோர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. "அன்னைக்கு இனி நாம் செய்யக்கூடியது யாது?" என்பதே அது. பிற சமயத்தார் பிண்டமும் தர்ப்பணமும் அளித்து ஆறுதல் கொள்கின்றனர். நம் சமயம் கூறுவது வேறு. உடலை நீத்த உயிர் தான் ஈட்டிய வினைக்கேற்ப அடுத்த பிறவியை அடைந்துவிடுகிறது. நாம் இங்குப் படைக்கும் உணவு அதனைச் சென்று சேர்வதில்லை. ஒருவர் வினையை மற்றொருவர் கழிக்கவும் இயலாது. தனியே பிறந்து, தனியே வினை நுகர்ந்து, தனியே செல்வதே உயிரின் இயல்பு என்பதைப் பன்னிரு சிந்தனைகளுள் ஒன்றாகிய ஏகத்துவம் உணர்த்துகிறது.

அவ்வாறாயின் தாயன்புக்கு நம் அறத்தில் இடமில்லையோ எனச் சிலர் ஐயுறலாம். சீவக சிந்தாமணியில் வரும் விசயையை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த அன்றே சுடுகாட்டில் மகனைப் பெற்றாள். அவன் உயிர் தழைக்க வேண்டும் என்பதற்காகவே அவனைப் பிரிந்து தவப்பள்ளியில் வாழ்ந்தாள். மகன் அரசை மீட்ட பின்னரும் அரண்மனைச் செல்வத்தில் தங்கிவிடாது துறவு பூண்டாள். அன்பும் பற்றின்மையும் ஒரே நெஞ்சில் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்னையின் உயிர் தன் வழியே சென்றுவிட்டது. ஆயினும் அவர் ஒழுகிய ஒழுக்கம் நம்மிடம் விடப்பட்டுள்ளது. அதனைக் காப்பதே நாம் செய்யும் கடன்.

எம் அன்னையார் வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். மேடையேறி அறம் உரைத்தவர் அல்லர். நாள்தோறும் கிணற்று நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடிகட்டுவார். வடித்த துணியை உதறிவிட மாட்டார். அதன் மறுபுறம் வடித்த நீரை ஊற்றி, தங்கிய நுண்ணுயிர்களை ஒரு செம்பில் சேர்ப்பார். அச்செம்பைக் கயிற்றில் மெல்ல இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பின்னரே கவிழச் செய்வார். மேலிருந்து கொட்டினால் அவை மடியும் என்பார். "கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே" எனச் சிறுவராகிய நாங்கள் கேட்டால், "நமக்குத் தெரியலைன்னா அதுக்கு வலிக்காதா?" என்பதே விடை. கொல்லாமையின் விளக்கம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கிவிட்டது. சொல்லிக் கற்பிப்பதினும் செய்து காட்டிக் கற்பிப்பதே நிலைக்கும் என ஆசிரியப் பயிற்சியில் பின்னர் படித்தோம். அம்முறையை முன்னரே கிணற்றடியில் கண்டிருந்தோம்.

மிகுபொருள் விரும்பாமையையும் அவ்வாறே கற்பித்தார். தமக்குச் சேலை ஆறு என வரையறை செய்திருந்தார். ஏழாவது வந்த அன்றே ஒன்று இல்லாதவர் கைக்குச் சென்றுவிடும். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தபோது ஆறு சேலைகளே இருந்தன. பங்கிடுவதில் பூசலுக்கு இடமே இல்லை. தாயின் நகைக்காக உடன்பிறந்தார் முகம் திருப்பிக்கொள்ளும் இல்லங்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இறுதி நோயின்போது ஒரு மாலை உறவினர் கஞ்சி ஊட்ட முற்பட்டனர். "விளக்கு வைச்சாச்சேம்மா" என்று மட்டும் மெல்லக் கூறினார். சினமோ வருத்தமோ அக்குரலில் இல்லை. மறுநாள் கதிரவன் எழுந்த பின்னரே அருந்தினார். நெடுநாள் பழகிய நோன்பு, உடல் தளர்ந்த வேளையிலும் அவருக்குத் துணை நின்றது.

"அக்காலம் வேறு. பணி முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புவோர் கதிரவன் மறையுமுன் உண்பது எங்ஙனம்?" என இளைய தலைமுறையினர் கேட்கின்றனர். அவர்கள் இடர்ப்பாடு மெய்யானதே. அதனைக் குறைகூறிப் பயனில்லை. முழுதும் இயலாதோர் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலேனும் மேற்கொள்ளலாம். மாலை உணவைப் பணியிடத்திற்கே எடுத்துச் செல்லலாம். வரையறுத்துக்கொண்ட சிறு விரதம் வரையறையற்ற பெருவிருப்பத்தினும் மேலானது.

மற்றொன்றையும் வலியுறுத்த விரும்புகின்றோம். நீர் வடிகட்டுதலும், தானியம் புடைத்து உயிர் நீக்குதலும், நோன்பு நாள் நினைவில் வைத்தலும் பெண்டிர் கடன் என நம் இல்லங்களில் எண்ணிவிட்டோம். அன்னை மறைந்ததும் அவ்வொழுக்கமும் மறைவதன் காரணம் இதுவே. அணுவிரதங்கள் ஆடவர், பெண்டிர் இருபாலார்க்கும் பொதுவானவை. தாயைப் போற்றும் மகன் அவர் படத்துக்கு மாலையிடுவதோடு அமையாது, வடிதுணியையும் தன் கையில் எடுப்பானாக.

ஆகவே அன்பர்களே, அன்னையின் நினைவு நாளில் இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதுங்கள். அவர் கடைப்பிடித்த ஒழுக்கங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அடுத்த நினைவு நாள் வரை காப்பதாக உறுதி பூணுங்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனும் நால்வகைத் தானங்களுள் இயன்றதைச் செய்யுங்கள். அப்பயன் அன்னையைச் சென்று சேராது. ஆயினும் அவர் நம்மை எந்நெறியில் நிறுத்த விரும்பினாரோ அந்நெறியில் நாம் நிற்போம்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் அறம் வாழ்க!