சொன்னதெல்லாம் உண்மை, நம்பியது பொய்

வாசகரே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒருவர் சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதைக் கேட்ட இளைஞன் நம்பிக்கொண்டு வீடு சென்றதோ பொய். இங்கே பொய் சொன்னவர் யார்? "நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே" என்று அவர் கைவிரித்தால், அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிடலாமா?

கல்லூரிகளுக்கு மாணவரைச் சேர்க்கும் வேலையில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இது சட்டசபை வரை சென்ற விவகாரம். அங்கே இலாப நோக்குடன் நடத்தப்படும் கல்லூரிகள் பல. மாணவர் அரசாங்கக் கடன் பெற்றுக் கட்டணம் செலுத்துவர். பணம் கல்லூரிக்குப் போய்விடும், கடன் மாணவனின் தலையில் நிற்கும். 2012 ஆம் ஆண்டு செனற் சபைக் குழுவொன்று இத்தகைய 30 கம்பனிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2010 இல் அவற்றில் ஆள் சேர்க்கும் வேலை பார்த்தவர்கள் 35,202 பேர். படித்து முடித்தவருக்கு வேலை தேடிக்கொடுக்க இருந்தவர்கள் 3,512 பேர். இந்த இரு எண்களையும் பார்த்தபின், அவர்களுடைய விளம்பரங்களை வாசிக்கவேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தி. ஐ.ரி.ரி. என்னும் கல்லூரி நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுத்த பயிற்சியில் 'வேதனைப் புனல்' என்றொரு முறை இருந்தது. புனல் மேலே அகலம், கீழே ஒடுக்கம். முதலில் பொதுவாக ஒரு குறையைக் கேட்பது. பின் அது எவ்வளவு காலமாக இருக்கிறது, அதைத் தீர்க்க என்ன செய்தீர், அதனால் எவ்வளவு இழந்தீர் என்று படிப்படியாக உள்ளே இறங்குவது. கடைசியில், நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டீரா என்று கேட்பது. கேட்கப்படுபவர் வேலை இழந்த ஒருவராகவோ, தனியே பிள்ளை வளர்க்கும் ஒரு தாயாகவோ இருப்பார். கவனியுங்கள், இதில் ஒரு பொய்யும் இல்லை. கேள்விகள் மாத்திரமே. வைத்தியர் புண்ணைத் தொடுவது ஆற்றுவதற்கு. இவர் தொட்டது கையெழுத்து வாங்குவதற்கு.

பொய்க்கு உண்மையின் உடை போடும் வித்தையும் உண்டு. கொரிந்தியன் என்னும் கம்பனிக்குச் சொந்தமான ஹீல்ட் கல்லூரி, தன்னிடம் படித்தவரில் இத்தனை வீதத்தினர் வேலை பெற்றனர் என்று அறிவித்து வந்தது. அந்தக் கணக்கு எப்படி வந்தது? தற்காலிக வேலையாட்களை அனுப்பும் முகவர் நிலையங்களுக்குக் கல்லூரியே பணம் கொடுத்து, படித்து முடித்தவர்களைத் தன் வளவிலேயே சில நாட்கள் வேலைக்கு வைத்தது. சில வேலைகள் இரண்டே நாட்கள். கணினிகளைத் தூக்கி வைப்பது, வயர்களை ஒழுங்குபடுத்துவது. அவர்கள் 'வேலை பெற்றோர்' ஆயினர். 2011 இல் கணக்கியல் முடித்த ஒரு பெண், 2006 இலிருந்தே ஓர் உணவுச் சாலையில் வேலை செய்தவர். அவரும் தன் துறையில் வேலை பெற்றவராகக் காட்டப்பட்டார். 2015 ஏப்ரிலில் கல்வித் திணைக்களம் 3 கோடி டொலர் தண்டம் விதித்தது. அம்மாதமே கொரிந்தியன் தன்னிடம் எஞ்சியிருந்த கல்லூரிகளை மூடியது. 2022 இல், கொரிந்தியனில் படித்த 5 இலட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டொலர் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. கடன் போயிற்று. அவர்கள் அங்கே கழித்த ஆண்டுகளைத் தள்ளுபடி செய்ய எந்தத் திணைக்களத்தால் முடியும்?

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. அரசாங்கக் கல்வி உதவியில் பங்குபெறும் கல்லூரி, சேர்த்த ஆட்களின் தொகைக்கேற்பக் கொமிசனோ ஊக்கப் பணமோ கொடுக்கலாகாது என்று 1992 இலேயே விதித்தார்கள். 2002 இல் திணைக்களம் அதற்குள் 12 சலுகை வழிகளைத் திறந்தது. 2010 இல் இயற்றிய விதிகளால் அவற்றை மூடியது. இதெல்லாம் அவர்கள் நாட்டுச் சங்கதி என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு புறநடை உண்டு. அமெரிக்க அரசாங்க உதவிக்கு உரித்தில்லாத, பிறநாடுகளில் வசிக்கும் பிறநாட்டு மாணவரைச் சேர்ப்பதற்கு இத்தடை பொருந்தாது.

அதாவது, சிக்காகோவில் உள்ள பிள்ளையைச் சேர்த்ததற்குக் கொமிசன் கொடுப்பது குற்றம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ உள்ள பிள்ளையைச் சேர்த்ததற்குக் கொடுத்தால் குற்றமில்லை. அந்நாட்டுக் கல்லூரி அனுமதி ஆலோசகர்களின் தேசிய சங்கம் இதுபற்றி நெடுநாள் வாதாடி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் முகவருக்குக் கொமிசன் கொடுக்கலாம் என்று 2013 இல் தன் ஒழுக்கக் கோவையைத் தளர்த்திற்று. ஏன் இந்த வேறுபாடு? முதலாவது பிள்ளையின் கட்டணம் அரசாங்கத் திறைசேரியிலிருந்து போகிறது. இரண்டாவது பிள்ளையின் கட்டணம் தகப்பன் காணி உறுதியை ஈடு வைத்த பணம். சட்டம் தன் பெட்டியைக் காவல் செய்கிறது. அதைக் குறை கூறவும் முடியாது, அதற்காகவே அது இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் நின்ற இடத்திலேயே தன் மனச்சாட்சியையும் நிறுத்திக்கொண்டு, "விதிப்படிதான் செய்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது.

சொல்லின் ஒரு பாதியை வாயால் சொல்லி, மறு பாதியை மனத்துள் வைத்துக்கொண்டால் அது பொய்யாகாது என்று ஒருகாலத்தில் வேதசாத்திரிகள் சிலர் வாதித்தார்கள். 1679 இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசெந்து அதைக் கண்டித்தார். மறைக்கவே கூடாது என்பதல்ல. கேட்பவருக்கு அறியும் உரிமை இல்லாத ஒன்றை மறைக்கலாம், வைத்தியரும் குருவானவரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே இங்கே கேட்கவேண்டியது ஒன்றே. தன் நான்கு ஆண்டுகளையும் வீட்டாரின் காணியையும் கொடுக்கப்போகும் பிள்ளைக்கு, தனக்கு ஆலோசனை சொல்பவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்று அறிய உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்றால் மௌனமும் மறைத்த பாதியே.

முகவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பப் பத்திரம் நிரப்பத் தெரியாத வீட்டுக்கு நேர்மையான முகவர் பெரிய உதவி. எங்கள் பக்கத்திலும் குற்றம் உண்டு. வேறு ஒருவரிடம் வாங்கிய பணத்தைச் சில வாரங்கள் வங்கியில் இருத்தி, அது எங்கள் சேமிப்பு என்று காட்டச் சம்மதிக்கிறோம். அதில் ஒருமுறை ஒப்பமிட்டுவிட்டால், பின்னர் அந்த முகவரே எங்களை ஏமாற்றினாலும் எந்த வாயால் முறையிடுவது? அவர் கையில் எங்கள் பொய் இருக்கிறதே.

பெற்றாரே, அடுத்த முறை ஒருவர் அழகான படங்களோடு உங்கள் விறாந்தையில் வந்து இருந்தால், தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்: "தம்பி, என்ரை பிள்ளை இந்தக் கல்லூரியில் சேர்ந்தால் அவர்கள் உமக்கு எவ்வளவு தருவார்கள்? வேறு கல்லூரியில் சேர்ந்தால் எவ்வளவு?" கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. காணித் தரகரிடம் கேட்கிறோம் அல்லவா? அவர் தொகையைச் சொல்லலாம், கோபிக்கலாம், பேச்சை மாற்றலாம். எதைச் செய்தாரோ, உறுதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக முதல் அதைப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள்.