காலி செய்யப்பட்ட பாதை

பிரான்சில், பர்கண்டிப் பிரதேசத்தில், ழிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, மேலே தார் போட்டு, 1997ல் சைக்கிள்காரர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 'பசுமைப் பாதை' என்ற பெயரில் அந்த நாட்டில் வந்த முதல் பாதை இது. 2004ல் அந்தப் பெயர் சாலைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை என்பது அதன் சாரம். இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளிகள். சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவன், கண் முன்னால் இருந்தாலும் காதை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் காது அவனிடம் திரும்பி வந்துவிடுகிறது. தன் மூச்சு கேட்கிறது, சங்கிலியின் சத்தம் கேட்கிறது.

இந்த நிம்மதி எங்கிருந்து வந்தது, அதை அனுபவிக்கிறவனுக்கு அதில் ஏதாவது கடன் உண்டா என்பதுதான் என் கேள்வி. சுற்றுலாக் கையேடுகள் இதைக் கேட்பதில்லை. கேட்பது அவற்றின் வேலையும் இல்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த அமைதியை இயற்கையின் அமைதி என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். சைக்கிள்காரன் தன் முழங்காலுக்குக் கிடைத்த தயவாக நினைக்கும் சமதளம், எஞ்சினின் பலவீனத்துக்காக மனிதர்கள் வெட்டிப் போட்ட மண். 1879ல் ஃபிரெய்சினே என்ற மந்திரியின் திட்டம் சட்டமாகி, மூலை முடுக்கெல்லாம் ரயில் போடப் புறப்பட்டார்கள். லெவல் கிராசிங்குகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் போதுமான சின்ன வீடுகளைக் கட்டினார்கள். பெரும்பாலும் ரயில்வே ஊழியர்களின் மனைவிமாரே அந்தக் கேட்டுகளைச் சாத்தித் திறந்தவர்கள். பிறகு பஸ் வந்தது, கார் வந்தது, கிராமத்து ஜனங்கள் நகரங்களுக்குப் போனார்கள். 1938ல் ரயில் கம்பெனிகளை ஒன்று சேர்த்துத் தேசிய ரயில்வே ஆக்கியதை ஒட்டிய வருஷங்களில் மட்டுமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடங்களில் பயணி வண்டிகள் நின்றுபோயின. இன்று பழைய தடங்களில் சைக்கிளில் போகிறவன், பிளாட்பாரத்தின் விளிம்பையும் கேட் வீட்டையும் பார்த்து 'என்ன அழகு' என்கிறான். அழகுதான். ஆனால் ஒரு ஊர் தன் ரயிலை இழந்ததனால் கிடைத்த அழகு அது.

கால்வாய்க் கரைகளின் கதையும் இதுதான். பிரான்சில் வண்டி தொந்தரவில்லாமல் நெடுந்தூரம் போக இன்னொரு வழி, படகு இழுக்கிற குதிரைகளும் மனிதர்களும் நடந்த கரைப்பாதை. தெற்கே, 1666ல் தொடங்கி 1681ல் திறக்கப்பட்ட மிதி கால்வாய், 240 கிலோமீட்டர். அதைக் கட்டிய ரிக்கே, முடிவதற்குச் சில மாதங்கள் முன்னால், 1680ல் இறந்துபோனார். அவர் பெயராவது நிற்கிறது. மண் சுமந்தவர்களுக்கு, அவர்களில் இருந்த பெண்களுக்கு, அதுவும் இல்லை. வடமேற்கே, பிரித்தானியில், நாந்த்–பிரெஸ்ட் கால்வாயில் குளோமெல் என்ற இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான வெட்டு இருக்கிறது. 1823லிருந்து 1832 வரை அதைத் தோண்டியவர்கள் தண்டனைக் கைதிகள். ராணுவத்தை விட்டு ஓடிப்போனவர்கள். ஓடிப்போனவர்களைப் பிடித்து வந்து தோண்ட வைத்த கரையில் இன்று விடுமுறைக்காரர்கள் யாருக்கும் அஞ்சாமல் சைக்கிள் விடுகிறார்கள்.

இதை வைத்து யாரையும் குற்ற உணர்வில் ஆழ்த்துவது என் நோக்கமில்லை. குற்ற உணர்வு மலிவானது. இரண்டு பெருமூச்சோடு கணக்குத் தீர்ந்துவிடும். எந்தப் பாதையும் யாரோ ஒருவருடைய முதுகின் மேல்தான் போகிறது. நான் சொல்ல வருவது வேறு.

இப்பாதைகளுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது, அபாயமில்லாத பயணம் பயணமே அல்ல, வேலி போட்ட தோட்டத்தில் உலாவுவது என்பது. இலக்கியக்காரர்களுக்கு இந்த வாதம் பிடிக்கும். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. இரண்டு வகை அபாயங்களை இது ஒன்றாகக் குழப்புகிறது. மழை, இருட்டு, மலை, தன் உடம்பின் எல்லை ஆகியவை பயணி தேர்ந்துகொள்வது. இன்னொருவன் அவசரத்தால் தன் மேல் வந்து விழுவதை யாரும் தேர்ந்துகொள்வதில்லை. செந்த்-எத்தியென் நகரிலிருந்து 1887 முதல் 'ல சிக்லிஸ்த்' என்ற பத்திரிகையை விடாப்பிடியாக நடத்திய போல் த விவியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெலோசியோ என்ற புனைபெயர் கொண்டவர். பந்தயத்துக்காக அல்லாமல் பார்ப்பதற்காகச் சைக்கிள் விடுவதை பிரான்சுக்குக் கற்றுத் தந்தவர். கர்வத்துக்காக மிதிக்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. இரவு முழுவதும் மிதித்து மலைகளைத் தாண்டிய அந்த மனிதர் 1930ல் தன் ஊர்த் தெருவில் டிராம் மோதி இறந்தார். மலை அவரைக் கொல்லவில்லை. காம்யு 1960 ஜனவரி 4ல் கார் விபத்தில் இறந்ததும் பர்கண்டியில்தான், வில்பிளவென் அருகே. பயன்படுத்தாத ரயில் டிக்கெட் ஒன்று அவர் பையில் இருந்தது. பார்த் 1980ல் பாரிஸ் தெருவைக் கடக்கும்போது லாண்டரி வேன் மோதி, ஒரு மாதம் கழித்து இறந்தார். இந்தச் சாவுகளில் சிலர் அபத்தத்தின் தத்துவத்தைப் பார்த்தார்கள். 1972ல் ஒரே வருஷத்தில் பிரெஞ்சுச் சாலைகளில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் அபத்தம் என்ற சொல் தாங்காது. அது ஒரு ஏற்பாடு. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒருவன் மிச்சப்படுத்தும் நேரம் இன்னொருவனிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று இல்லிச் 1973ல் எழுதியது இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

ஆகவே, வண்டியில்லாத பாதை வேண்டும். எட்டு வயதுக் குழந்தையும், சக்கர நாற்காலிக்காரரும், வேறெங்கும் சைக்கிள் ஏறத் துணியாத கிழவியும் அங்கே வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு அபாயத்தின் மகிமை பேசுவது ஆரோக்கியசாலியின் அகங்காரம்.

என் சங்கடம் அதற்கு அப்பால் தொடங்குகிறது. பசுமைப் பாதை ஒரு சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் கட்டைகள் நட்டிருக்கும். நிற்க வேண்டியது அனேகமாக எப்போதும் சைக்கிள்காரன்தான். கார் போய்விடும். முன்பு ரயில் வந்தால் கார் நின்றது. கேட் வீட்டுப் பெண்ணின் கைக்கு அந்த அதிகாரம் இருந்தது. இன்று அதே இடத்தில் அதே தடம் தலை குனிந்து வழி கேட்கிறது. சில கிலோமீட்டர் அமைதியைத் தந்ததன் மூலம் மீதிச் சாலை முழுவதையும் வேகத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. 'உனக்குத்தான் தனிப் பாதை இருக்கிறதே' என்ற பதில் இனி எங்கும் தயாராக இருக்கும். சரணாலயம் அமைத்தபின் காட்டை வெட்டுவது எளிது.

இன்னும் ஒன்று. பழைய ஸ்டேஷன் வாசலில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முதுகில்தான் பல சைக்கிள்கள் அங்கே வந்து சேர்ந்தன. பாதை உண்மையில் பிரித்திருப்பது ஒரே மனிதனை. ஞாயிற்றுக்கிழமை நிதானத்தின் ருசி அறிகிறவனும், திங்கட்கிழமை அந்த நிதானம் குறுக்கே வந்தால் ஹார்ன் அடிக்கிறவனும் ஒருவனே. அவனுக்குத் தன்னைச் சந்திக்கும் அவசியம் நேராதபடி பாதை பார்த்துக்கொள்கிறது.

குளூனிக்குத் தெற்கே, மாக்கோன் போகும் வழியில், புவா கிளேர் என்ற ரயில் சுரங்கம் இருக்கிறது. 1600 மீட்டர் நீளம். சைக்கிள்காரர்களுக்காகத் திறந்த அதைக் குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. அந்த மாதங்களில் வருகிறவன் மலையை ஏறித்தான் இறங்க வேண்டும். யாரும் பெரிதாக முறையிடுவதாகத் தெரியவில்லை. தனக்கு வசதியான வழியை, தான் பார்க்கவே முடியாத ஒரு பிராணியின் தூக்கத்துக்காக விட்டுத் தருவது அங்கே சாதாரண விஷயமாகியிருக்கிறது. நான் தேடிய கடன் இந்த அளவில்தான் இருக்கிறது. கைதிகளுக்கோ கேட் வீட்டுப் பெண்களுக்கோ திருப்பித் தர நம்மிடம் எதுவுமில்லை. வௌவாலுக்காக மூச்சு வாங்க மலை ஏறியவன், மறுநாள் காரில் போகும்போது, சாலையோரம் தடுமாறிப் போகும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் சைக்கிளுக்குப் பின்னால் அரை நிமிஷம் மெதுவாகப் போகிறானா என்று பார்க்க வேண்டும். போகவில்லையென்றால் அந்த 44 கிலோமீட்டரும் அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு மட்டுமே.