ஃபிர்அவ்னின் உடல்: வேடிக்கையா, படிப்பினையா?



2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோ வீதிகளில் ஓர் ஊர்வலம் நடந்தது. 18 அரசர்கள், 4 அரசிகள் என 22 மம்மிகள் அலங்கார வண்டிகளில் புதிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றில் ஒன்று, 66 ஆண்டுகள் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்செஸின் உடல். 1976இல் பூஞ்சை பிடித்த அதே உடலைப் பாதுகாப்பதற்காகப் பாரிஸுக்குக் கொண்டுபோனபோது, ராணுவ மரியாதையோடு வரவேற்றார்கள்.

நம்மிடமும் அவரைப் பற்றிய ஆர்வம் உண்டு. மூஸா (அலை) காலத்து ஃபிர்அவ்ன் இவன்தான், உடலில் உள்ள உப்பே கடலில் மூழ்கியதற்கு ஆதாரம் என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. மாஷா அல்லாஹ் என்று சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

சற்று நிதானியுங்கள். நேட்ரான் என்ற உப்பில் உலர்த்தித்தான் எகிப்தியர் மம்மிகளைத் தயாரித்தார்கள். கட்டிலில் இறந்த அரசனின் உடலிலும் உப்பு இருக்கும். ஃபிர்அவ்ன் என்பது எகிப்திய மன்னர்களின் பட்டம். மூஸா (அலை) அவர்களை எதிர்த்தவன் எந்த மன்னன் என்று குர்ஆன் பெயர் சொல்லவில்லை. பின்வருவோருக்கு அத்தாட்சியாக அவன் உடல் பாதுகாக்கப்படும் என்று சூரா யூனுஸின் 92ஆம் வசனம் கூறுகிறது. அதை நம்புகிறோம். ஆனால் இந்த உடல்தான் அது என்று அடித்துச் சொல்ல நமக்கு என்ன அறிவு இருக்கிறது? அறிவில்லாததைப் பின்தொடர்வதை சூரா பனீ இஸ்ராயீலின் 36ஆம் வசனம் தடுக்கிறது. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் எச்சரிக்கிறது.

நல்ல நோக்கத்தில்தானே அனுப்புகிறோம் என்று கேட்கலாம். குர்ஆனின் உண்மைக்கு ஒரு மம்மியின் சாட்சி தேவையில்லை. உறுதியில்லாத செய்தியை மார்க்கத்தின் தூணாக நிறுத்தினால், நாளை அது சரியும்போது நம் பிள்ளைகளின் ஈமானும் சேர்ந்து ஆட்டம் காணும்.

பெயரைச் சொல்லாத அல்லாஹ், குணத்தை விளக்கமாகச் சொல்கிறான். அவன் மக்களைப் பிரித்தான். ஒரு சாராரைப் பலவீனப்படுத்தினான். தானே மேலான இறைவன் என்றான். மூழ்கும் நேரத்தில்தான் ஈமான் கொள்வதாகச் சொன்னான். அது பயன் தரவில்லை. இந்தக் குணங்களைப் பார்க்க கெய்ரோ போக வேண்டியதில்லை. கூலியைக் கேட்ட தொழிலாளியை மிரட்டும்போது, வீட்டில் யாரையும் பேசவிடாமல் அடக்கும்போது, தவ்பாவை முதுமைக்குத் தள்ளிப்போடும்போது, அதன் சாயல் நம்மிடமே தெரிகிறது. அத்தாட்சி நமக்காகத்தான், பிறரோடு வாதம் செய்து வெல்வதற்காக மட்டுமல்ல.

பார்ப்பதிலிருந்து படிப்பினை பெறவும், அறிந்ததை மட்டுமே பேசவும், மூச்சு இருக்கும்போதே திருந்தவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.