உன் பணம் உன்னோடு வரட்டும்

கல்லூரி மாறினால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று உனக்கு யார் சொன்னது? பூதலூர் ஸ்டேஷனில் திருச்சி வண்டிக்கு நிற்கும்போது கூடப் படிப்பவன் சொன்னானா? ஒன்றுவிட்ட மாமா சொன்னாரா? அலுவலகத்தில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா? இல்லையே! பிறகு எதற்கு இப்போதே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாய்?

நம் தஞ்சை மாவட்டத்துப் பையன் ஒருவனின் கதையைக் கேள். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை நின்றது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. தேர்வு. அதிலும் தேறவில்லை. மேதை என்பதற்காகத் தேர்வு விதி எதுவும் வளையவில்லை. அதைக் கவனி.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தானாகவே கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதம், பட்டமே இல்லாத அந்த மனிதருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இந்த முறை அவர் கோட்டைவிடவில்லை. மூன்று அறிக்கைகள் போயின. மூன்றாவதைக் கொடுத்தது 1914 மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அதே மாதத்தில்!

அவரை அங்கே அனுப்ப உதவும்படி, கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த கணித அறிஞர் நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். 'வேறு இடத்துக்குப் போகிறவனுக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்' என்று பல்கலைக்கழகம் கையை விரிக்கவில்லை. ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போனது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. 1919இல் அதே ராமானுஜன், பெற்றோருக்குக் கொடுத்தது போக மிஞ்சும் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடச் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் போட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வா. உனக்கு வரும் பணம் யார் கொடுப்பது? கல்லூரி நிர்வாகம் தன் கையிலிருந்து தள்ளுபடி செய்ததென்றால், அது பெரும்பாலும் அந்த வாசலோடு சரி. அதற்காக அழாதே, புது இடத்தில் என்ன உண்டு என்று தேடு. ஆனால் தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயும், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் உதவித்தொகையும் நீ படித்த பள்ளியையும் உன் சாதியையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து உனக்கு வந்தவை. கட்டடத்தைப் பார்த்து வந்தவை அல்ல.

அதற்காக அந்தப் பணம் தானாக உன் பின்னால் நடந்து வராது. கல்லணை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்காக மண்வெட்டி எடுத்து மடை வெட்டாதவன் வயலில் தண்ணீர் பாய்ந்ததா?

டி.சி. வாங்குவதற்கு முன்னால் கேள். வாங்கிய பிறகு கேட்டால் இரண்டு அலுவலகமும் உன்னைப் பந்தாடும். எந்த ஆண்டு வரை பணம் வந்திருக்கிறது என்று பழைய கல்லூரியில் எழுதி வாங்கு. புதுக் கல்லூரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளமான யுமிஸில் உன் கல்லூரி மாறிவிட்டதா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார். வருமானச் சான்றிதழ் பழசாகியிருந்தால் இப்போதே இ-சேவை மையத்துக்குப் போ. அரியர் இருந்தால் உட்கார்ந்து படித்து முடி. தேர்வில் ராமானுஜனுக்கே கிடைக்காத விதிவிலக்கு உனக்குக் கிடைக்கும் என்று எண்ணாதே!

உன்னைத் தடுப்பது விதி அல்ல, அலுவலக ஜன்னல். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் "என்னப்பா?" என்பார். நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிடுவாய். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் இந்த ஒரு வார்த்தையில் தொலைத்த பணம் கொஞ்சமா? நீ பிச்சை கேட்கவில்லை, தம்பி. தங்கச்சி, நீயும் கேட்டுக்கொள்: உனக்கென்று அரசாணை போட்டு ஒதுக்கிய பணம் அது. நிமிர்ந்து நில். மனுவை இரண்டு பிரதியாக எழுது. ஒன்றைக் கொடு, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. "அப்புறம் வா" என்றால் "எந்தத் தேதிக்கு சார்?" என்று கேள். அவர் சொல்லும் தேதியை அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பிரதியில் குறித்துக்கொள்.