குடும்ப வரலாறும் வாய்மையும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்று பெரியோர் சொல்வதுண்டு. பிறப்பிடத்தைக் கொண்டு ஒருவரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் தகாது என்பதே அம்மொழியின் கருத்து. அது போற்றத்தக்கதே. ஆயினும், பிறப்பை வைத்து மனிதரை மதிப்பிடுவது வேறு. பிறந்து, உழைத்து, மறைந்தோரை நினைவிற்கொள்வது வேறு. முன்னோர் வரலாற்றைத் தேடிப் பேணுதல் வெறும் குலப்பெருமை நாட்டமா? அன்றி, வாழ்வோர் மாண்டோர்க்குச் செலுத்த வேண்டிய கடனா? இவ்வினாவை ஆராய்வதற்கு, அயர்லாந்தை விட்டுக் கடல் கடந்தோரின் வரலாறு சிறந்ததோர் உரைகல்லாக அமைகின்றது.

அயர்லாந்தின் ஏழை மக்கள் உருளைக்கிழங்கையே நம்பி உயிர் வாழ்ந்தனர். 1845இல் அப்பயிரைக் கொடிய நோய் தாக்கியது. ஏறத்தாழ 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் பத்து இலட்சம் மக்கள் பசிக்கும் பிணிக்கும் இரையாயினர். அவர்களினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர். 1841இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. கப்பலேறும் மகனை இனிக் காண்போம் என்ற நம்பிக்கை பெற்றோர்க்கு இல்லை. ஆதலின், புறப்பாட்டின் முன்னிரவில், இழவு வீட்டில் விழித்திருப்பது போல் உற்றார் கூடியிருந்து அழுது விடைகொடுக்கும் வழக்கம் அங்கு நிலவியது.

பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடாமல் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிவந்த ‘பைலட்’ என்னும் செய்தித்தாள், காணாமற்போன உறவினரைத் தேடும் அறிவிப்புகளை 1831 முதல் 1921 வரை வெளியிட்டு வந்தது. கணவனைத் தேடும் மனைவி, தம்பியைத் தேடும் அக்காள், மகனைத் தேடும் தாய் என அவற்றின் வரிசை நீளுகின்றது. பிறந்த ஊர், கப்பலேறிய ஆண்டு, கடைசியாக வேலை பார்த்த இடம் ஆகிய சில விவரங்களே அவற்றில் உள்ளன. எழுத்தறியாத ஏழை ஒருவன் இவ்வுலகில் வாழ்ந்தான் என்பதற்கு அச்சில் எஞ்சிய சான்று அச்சில வரிகளாகவே இருக்கக்கூடும்.

ஏனைய சான்றுகள் எங்கே போயின? 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றி எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு குடிமதிப்புகளின் ஏடுகளிற் பெரும்பகுதி அங்கே சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலான நான்கு குடிமதிப்புகளின் ஏடுகளோ அரசாங்க ஆணையாலேயே முன்னர் அழிக்கப்பட்டிருந்தன. ஒரு நாடு தன் ஏழைகளின் பெயர்களை இழந்த விதம் இது: நெருப்பினால் ஒரு பாதி, அசட்டையினால் மறுபாதி. நிலக்கிழார்க்கு மாளிகையும் ஓவியமும் உண்டு. உழுதவனுக்கு ஏட்டில் எழுதிய பெயரன்றி வேறென்ன உண்டு? அதுவும் அழிந்தால் அவன் பிறவாதவனுக்கு ஒப்பாகின்றான். ஆகவே, சிதறிக் கிடக்கும் சான்றுகளை அவன் வழித்தோன்றல்கள் திரட்டுவதைத் தற்பெருமை என்று இகழ்தல் தகாது. எண்ணிக்கையாகிப்போனவனை மீண்டும் மனிதனாக்கும் முயற்சி அது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். முன்னோர் மறைக்க விரும்பியதை நாம் வெளிப்படுத்தலாமா? 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000க்கு மேற்பட்ட ஆதரவற்ற இளம்பெண்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி தான் வந்த இடத்தைத் தன் பிள்ளைகளிடம் கூறாமலே மறைந்திருப்பாளாயின், அவள் மௌனத்தைக் கலைப்பது அறமா? வாழும் நாளில் மௌனம் அவள் உரிமை. அதை மதித்தல் கடமை. ஆனால் காலம் கடந்தபின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழையர் விடுதியில் வளர்ந்தமை அவள் குற்றமன்று. பசித்த குழந்தையை அங்கே தள்ளிய சமுதாயத்திற்கே அந்நாணம் உரியது. பரிவோடு உண்மையைச் சொல்வது, அவள் சுமந்த நாணத்தை இறக்கி வைப்பதாகும்.

பரிவு வேண்டும், பொய் வேண்டா. இதற்கு அன்னி மூர் என்னும் பெண்ணின் வரலாறு நல்ல பாடம். 1892 ஜனவரி முதல் நாள், நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் புதிய குடிநுழைவு நிலையம் திறக்கப்பட்டபோது முதலில் பதிவு பெற்றவள், அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து தம்பியர் இருவருடன் வந்த இப்பெண்ணே. அவள் பின்னர் டெக்சாசுக்குச் சென்று வாழ்ந்தாள் என்ற கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. 2006இல் ஆவணங்களை ஆராய்ந்தபோது, டெக்சாசில் வாழ்ந்தவள் அமெரிக்காவிலேயே பிறந்த வேறொரு பெண் என்பது தெளிவாயிற்று. உண்மையான அன்னி மூர் நியூயார்க்கின் நெருக்கடி மிக்க ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்து, பெற்ற பிள்ளைகள் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924இல் இறந்து, பெயர் பொறிக்காத கல்லறையில் கிடந்தாள். 2008இல்தான் அவளுக்கு நினைவுக்கல் நடப்பட்டது. இனிய கதையொன்று எளிய உண்மையை இத்தனை ஆண்டுகள் மறைத்துவிட்டதன்றோ! பொய்ப்புகழ் யாரையும் வாழ்விப்பதில்லை. அது ஒருவரை இரண்டாம் முறை புதைக்கின்றது.

வாய்மை என்பது துன்பத்தை மட்டும் கூறுவதன்று, பிழையையும் கூறுவதாகும். 1863 ஜூலையில், கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலகத்தில் அயர்லாந்துத் தொழிலாளர் பலர் கலந்துகொண்டனர். கலகக்காரர்கள் கறுப்பின மக்களைக் கொன்றனர்; அவ்வினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தையும் தீயிட்டனர். பஞ்சத்தின் கொடுமையை அறிந்த கூட்டத்தாரே பிறர் குழந்தைகளின் கூரையைக் கொளுத்தும் கொடுமையிலும் பங்கு கொண்டனர். துன்புற்றவன் என்பதனாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. முன்னோரின் கண்ணீரை உரிமை கொண்டாடும் குடும்பம், அவர்தம் கைக்கறையை மட்டும் அயலாருக்குரியது என்று தள்ளிவிட முடியாது.

ஆசிரியரும் மாணவரும் கருதத்தக்க செய்தி இன்னொன்றுண்டு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்த ஊர்ச் செய்திகளையும் பஞ்ச கால நினைவுகளையும் பழங்கதைகளையும் குறிப்பேடுகளில் எழுதினர். நாட்டுப்புறவியல் ஆணையம் அவற்றைத் திரட்டிப் பாதுகாத்தது. ஆவணக் காப்பகம் எரிந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாட்டில், சிறுவர்களின் கையெழுத்து முதியோரின் நினைவுக்கு அரணாயிற்று. நினைவைக் காக்க மாளிகை வேண்டுவதில்லை; கேட்கும் செவியும் மாற்றாது எழுதும் கையும் போதும்.

முன்னோரைப் புகழ்வது நம் கடனன்று. அவரை மறவாதிருப்பதும், அவரைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பதுமே நம் கடன். இவ்விரண்டில் முன்னதை அன்பு செய்விக்கும். பின்னதற்கு மனத்திண்மை வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் குடும்ப வரலாறு அறமாகின்றது.