காரணம் கேட்பவர்கள்

ஒரு பெண் ஒருவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஏன் வேண்டாம் என்பதையும் அவள் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி சின்னதுதான். ஆனால் நம் வீடுகளில் எத்தனையோ இரவுகளின் தூக்கத்தை அது தின்றிருக்கிறது. சரி என்று சொல்லுகிறவளை யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டாலே போதும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாம்பூலத் தட்டை மாற்றிவிடுவார்கள். வேண்டாம் என்றால் மட்டும் வீட்டுக்குள் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. பையனின் உத்தியோகத்தில் குறையா, குணத்தில் குறையா, வேறு யாராவது மனத்தில் இருக்கிறானா? இந்த மூன்றில் ஒன்றுக்கு அவள் தலையாட்டியாக வேண்டும். 'பிடிக்கவில்லை' என்பது ஒரு பதிலாகவே பதிவாவதில்லை.

பிள்ளை வீட்டாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்துவிடலாம். கடிதம் வராது. வராத கடிதத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குக் கடிதம் போய்ப் போன் வந்துவிட்டது. வராமல் இருப்பது மட்டும் மாறவில்லை.

இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் வேடந்தாங்கல். தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, என்னைவிடச் சில வயது மூத்த நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அங்கே வருகிறவர்கள் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளையும் கொக்குகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மரத்திலிருந்து கண்ணைத் தண்ணீருக்கு இறக்கினால்தான் வாத்துகள் தெரியும். வடக்கே ஆசியாவின் கோடியிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த விருந்தாளிகள் அவை. ஊசிவால் வாத்தில் ஆணைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் தலை. கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் வெள்ளைக் கோடு. பின்னால் ஊசி மாதிரி நீண்ட வால். பெட்டையோ பழுப்பு, காய்ந்த கோரைக்கு நடுவே உட்கார்ந்தால் கோரையாகவே போய்விடும்.

இவை முட்டையிடப் போவது மாதக்கணக்கில் கழித்து, வடக்கே. ஆனால் ஜோடி சேர்வது பெரும்பாலும் குளிர்காலம் கழிக்கும் நீர்நிலைகளில்தான். பந்தல் இங்கே, குடித்தனம் அங்கே.

அன்று நாங்கள் பார்த்தபோது ஒரு பெட்டையைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள். ஒன்று கழுத்தை நெட்டுக்கு நிமிர்த்தி, அலகைத் தாழ்த்தி, மெல்லிய சீட்டி ஒன்று அடித்தது. இன்னொன்று தன் இறக்கைக்குப் பின்னால் அலகை விட்டுக் கோதியது. அங்கே அழுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் பாவனை. பெட்டை தன்பாட்டுக்குத் தலையை நீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஓர் ஆணின் பக்கமாக நீந்திப் போய், மற்றவற்றை நோக்கித் தோளுக்கு மேலாகத் தலையை இரண்டு மூன்று தடவை வெடுக்கென்று திருப்பிக் குரல் கொடுத்தது. அவ்வளவுதான்.

"எதைப் பார்த்துத் தம்பி அதை எடுத்தது? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டார் நண்பர்.

அவர் கேட்டது வாத்தைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். அவருடைய பெண் மூன்றாவது வரனையும் வேண்டாம் என்று சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. காரணம் சொல்லவில்லை.

அந்தத் தலைத் திருப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கான்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி வாத்து இனங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு 1941-ல் விரிவாக எழுதினார். வாத்துகளின் தூரத்து உறவான சில இனங்களில் பெட்டை உண்மையிலேயே எதிரியை நோக்கிப் பாய்கிறது. பாதி வழியில் பயந்து தன் துணையிடம் ஓடிவந்து, அதன் பக்கத்தில் நின்றபடி எதிரியைத் திரும்பிப் பார்த்துக் கத்துகிறது. காட்டு வாத்தில் அந்த ஓட்டமெல்லாம் தேய்ந்துபோய்த் திருப்பல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதிரி நேர் எதிரே நின்றாலும் அது தோளுக்கு மேலாகப் பின்பக்கம்தான் தலையைத் திருப்புகிறது! ஒரு காலத்துச் சண்டை, சம்பிரதாயமாகி, இன்று ஒரு சொல்லாகிவிட்டது. 'இவன் என்னவன், நீங்கள் போகலாம்' என்ற சொல். காரணம் என்ற பகுதி அந்தச் சொல்லில் இல்லை.

காரணம் கேட்பதில் விஞ்ஞானிகள் தகப்பன்மார்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. டார்வின் 1871-ல், ஆண் பறவையின் அழகு பெண்ணின் ரசனையால் விளைந்தது என்று எழுதினார். அவள் விரும்பினாள், அதனால் அழகு வளர்ந்தது, விஷயம் அவ்வளவுதான். உலகம் ஒப்புக்கொண்டதா? அதே ஆண்டு மைவர்ட் என்ற விமர்சகர், பெண்ணின் சபல புத்தி நிலையில்லாதது, அதை நம்பி இயற்கை எதையும் படைக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். டார்வினின் சகாவான வாலஸுக்கும் இது செரிக்கவில்லை. அழகுக்குப் பின்னால் பலமோ ஆரோக்கியமோ, ஏதாவது ஓர் உபயோகம் இருந்தே தீர வேண்டும் என்று வாதாடினார். விவகாரம் இன்னும் தீரவில்லை. 2017-ல் ரிச்சர்ட் பிரம் என்ற அமெரிக்கப் பறவை நூலாசிரியர் டார்வின் கட்சிக்காகத் தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு வாத்தைக் கூண்டில் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: "உனக்கு ஏன் அவனைப் பிடித்தது? சும்மா பிடித்தது என்று சொல்லாதே!"

நானும் கதை எழுதுகிறவன். கதையில் ஒரு பெண் ஒருவனை மறுத்தால், மூன்றாம் நாள் வாசகர் கடிதம் வந்துவிடும்: காரணம் போதவில்லை. கதைக்கு அது நியாயமான புகார். கதை என்பதே காரணங்களைக் கோத்துக் கட்டுகிற மாலைதானே. ஆனால் வாழ்க்கையைக் கதை மாதிரி நடக்கும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்துவது வேறு.

நண்பர் சும்மா இருக்கவில்லை. அவர் வக்கீல் வீட்டுப் பிள்ளை. "சரி தம்பி, காரணம் சொல்ல வேண்டாம்னே வச்சுக்குவோம். நாளைக்கு ஒருத்தன், பொண்ணு கறுப்பு, வேண்டாம்கறான். இன்னொருத்தன் ஜாதியைப் பார்த்து வேண்டாம்கறான். அவனையும் கேட்கக் கூடாதா?"

இது நல்ல கேள்வி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆண் வாத்துக் குஞ்சை வேறு இன வாத்திடம் வளர்க்கக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்து பெரிதானதும் அது வளர்ப்புத் தாயின் இனத்தைத்தான் காதலிக்கப் போகிறது. தன் ஆசை தன்னுடையது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். ஆசையை ஊட்டியது வளர்ப்பு. கறுப்பு வேண்டாம் என்பவனின் ரசனையும் அப்படி ஊட்டப்பட்டதுதான். அவன் ரசனையை நாம் ஏசலாம், சிரிக்கலாம், அதற்கு எதிராகக் கதை எழுதலாம். ஆனால் அவன் கழுத்தைப் பிடித்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்வாரா நண்பர்? அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தீங்கு உண்டா? ரசனை குற்றமாக இருக்கலாம். மறுப்பைச் செல்லாது என்று தீர்ப்பளிக்க மட்டும் நமக்கு அதிகாரம் இல்லை. இதைச் சொன்னபோது அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் இதில் ஒரு முள் மிச்சம் இருக்கிறது. ஜாதியைக் காட்டி நிராகரிக்கப்பட்டவளிடம் போய், அவனுக்கு அந்த உரிமை உண்டம்மா என்று என்னால் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா?

வாத்தைக் காட்டி மனிதனுக்குத் தர்மம் சொல்லுகிற வேலையும் எனக்கு வேண்டாம். அதைச் செய்தவர்களின் லட்சணம் தெரியும். வாத்துகளை அத்தனை அருமையாகப் படித்த அதே லோரன்ஸ் 1938-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, பழக்கிய பிராணிகள் சீர்கெடுவதை உதாரணம் காட்டி மனித இனத் தூய்மை பற்றி எழுதினார். 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, எழுதியது அழிந்துவிடவில்லை. தவிர, வாத்துகளின் ஏரி ஒன்றும் ஆசிரமம் அல்ல. ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெட்டையைத் துரத்திப் பலாத்காரம் செய்வதும் அங்கே உண்டு. சில சமயம் அது மூழ்கிச் சாகும். பெட்டையின் மறுப்பு அங்கே எப்போதும் மதிக்கப்படுவதில்லை.

ஆனால் 2007-ல் பெட்ரீஷியா பிரென்னன் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்தெந்த வாத்து இனங்களில் பலாத்காரம் அதிகமோ, அந்தந்த இனங்களில் பெட்டையின் கருவழியில் முட்டுச் சந்துகளும், ஆணின் உறுப்புக்கு எதிர்த் திசையில் சுழலும் திருகுகளும் உண்டாகியிருக்கின்றன. பலாத்காரம் நடக்கிறது, ஆனால் அதன் வழியாகப் பிறக்கும் குஞ்சுகள் சொற்பம். வாயால் சொன்ன மறுப்பை யாரும் கேட்காதபோது, தலைமுறை தலைமுறையாக உடம்பு அதைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது மதுராந்தகத்தில் டீ குடிக்க இறங்கினோம். நண்பர் திடீரென்று, "முட்டையிட்டப்புறம் அந்த ஆண் என்ன பண்ணும்?" என்றார்.

சொன்னேன். வடக்கே போகும்போது ஆண்தான் பெட்டையின் பின்னால், அது பிறந்த பக்கத்துக்குப் போகிறது. ஒருவகையில் வீட்டோடு மாப்பிள்ளை. ஆனால் பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும் கிளம்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் தரையில் திறந்த வெளியில் தனியாக உட்கார்ந்திருப்பது பெட்டை. நரி வந்தால் அதற்குத்தான். இப்படிக் கூட்டில் செத்துப்போவதால்தான் வாத்துகளில் பெட்டைகளின் எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஒன்றைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள் ஆடுவதற்கும் அதுவே காரணம்.

"ஓகோ" என்றார். பிறகு பேசவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அப்போது தரகரிடமிருந்து போன் வந்தது. "இல்லீங்க, அந்த இடம் வேண்டாம். ஆமா, முடிவாத்தான் சொல்றேன்" என்றார் நண்பர், உறுதியாக. எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. நண்பர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "ஜாதகம் சரியில்லைங்க" என்றார்.

ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று அந்தத் தரகரே எழுதிக் கொடுத்த ஜாதகம் அது.