பாதம் கட்டிய தாய் குற்றவாளியா?

ஒரு செயலின் அறத்தை எண்ணத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்பதில் நம் நீதி நூல்களும் இம்மானுவேல் காண்ட்டும் பெரிதும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் அந்த எண்ணம் முழுக்கச் செய்தவருடையதுதானா? சீனாவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்த பாதம் கட்டும் வழக்கம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விடுவதில்லை. ஐந்தாறு வயதுச் சிறுமியின் கால்விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கித் துணியால் இறுக்கியவர் பெரும்பாலும் பெற்ற தாய். அதே வலியைத் தானும் பட்டவர். உடம்பு பெற்றோர் தந்தது, அதற்கு ஊறு நேராமல் காப்பதே பிள்ளைக் கடமையின் தொடக்கம் என்று கன்பூசிய மரபின் 'சியாவ்ஜிங்' போதித்தது. அந்த நூலைப் போற்றிய வீடுகளிலேதான் எலும்புகள் முறிந்தன. போதனைக்கு அங்கே பஞ்சமில்லை. 1664இல் அரசு விதித்த தடையும் நான்கே ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

1975இல் ஃபிஷ்பைன், ஐசன் என்ற இரு உளவியலாளர்கள் எண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு செயலைப் பற்றி நாம் கொண்டுள்ள மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற நம் அனுமானம், இவ்விரண்டும் சேர்ந்தே எண்ணத்தை உருவாக்குகின்றன என்றார்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று அஞ்சிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அது வெறும் அனுமானம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கட்டாத காலுடைய பெண்ணை எவரும் எடுக்கமாட்டார்கள் என்று ஒரு தாய் நினைக்கிறாள். அடுத்த வீட்டுக்காரியும் அப்படியே நினைக்கிறாள். இருவருக்கும் உள்ளூர அது பிடிக்காமல் இருக்கலாம். இருவருமே வாய் திறப்பதில்லை. 1897இல் சீர்திருத்தவாதி லியாங் சிச்சாவோ முதலியோர் ஷாங்காயில் தொடங்கிய சங்கம் இந்த முடிச்சில் கைவைத்தது. மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம் என்பதோடு, கட்டிய பாதமுள்ள பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம் என்றும் உறுப்பினர்கள் உறுதியளித்தார்கள். முதல் உறுதி மட்டும் இருந்தால் மகளுக்கு வரன் அமையாது. வழக்கம் விரைவாக மறைந்தது. வட சீனத்தின் டிங் மாவட்டத்தில் 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99 விழுக்காட்டினருக்குப் பாதம் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

வழக்கம் ஒழிந்தது சங்கங்களால் அல்ல, ஆலைத்துணியால்தான் என்பார் உண்டு. சிறுமிகளை ஓரிடத்தில் உட்காரவைத்து நூல் நூற்கச் செய்யவே பாதம் கட்டப்பட்டது, கைநூற்புக்கு மதிப்புப் போனதும் கட்டும் போனது என்று மானிடவியலாளர்கள் லாரல் போசனும் ஹில் கேட்ஸும் வாதிடுகிறார்கள். சங்கங்களே எட்டாத சிற்றூர்களுக்கு இது நல்ல விளக்கம். ஆனாலும் வருமானம் மாறுவது பெண் வீட்டின் கணக்கை மட்டுமே மாற்றும். மாப்பிள்ளை வீட்டின் கணக்கும் மாறிவிட்டது என்று தெரியும்வரை அந்தத் தாய் துணிந்து கட்டை அவிழ்த்திருக்க மாட்டாள்.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று. எண்ணத்தை ஊர்தான் உருவாக்கியது என்றால் தாய்க்குக் குற்றமே இல்லையா? ஊர் என்பது அவளுக்கு வெளியே இருந்த ஒன்று என்று கொண்டால்தான் அப்படிச் சொல்ல முடியும். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அவளே ஊராக இருந்தாள். மகளின் பாதத்தைக் கட்டும்போது அவளுக்கு வேறு வழி குறைவு, அதை மன்னிக்கலாம். வரப்போகும் மருமகளின் பாதத்தை அளந்தபோது அந்த நெருக்கடி அவளுக்கு இல்லை. குற்றத்தை நான் அங்கேதான் வைப்பேன்.